ரப்பர் முந்தானை

அன்னவாசலில் எங்கள் வீட்டுக்கும் முத்துமாரியம்மாள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் மாடில்லாத மாட்டுக் கொட்டகை. அதற்குள் ஒரு மோட்டார் கார். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் கொட்டகைக்குள் நுழைவாள். புடவைக்கு மேல் புருஷனுடைய காக்கிச் சட்டை. தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. கண்ணில் தோல் விளிம்பு வைத்த மோட்டார் கண்ணாடி. கழுத்திலிருந்து முழங்கால் வரை கறுப்பு ரப்பர் ஒன்று தொங்கும். வெளியூர்க்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் நின்று, "இது என்ன வேஷம்?" என்று கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். "வேஷம் இல்லீங்க, அது ரப்பர் முந்தானை" என்பார்கள், ஏதோ எல்லா ஊரிலும் பெண்கள் கட்டுவதுபோல.

அந்த ரப்பர் அவள் கழுத்துக்கு வந்த கதைதான் அவள் கதையும்.

அவள் புருஷன் சேவுகன் காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் டிரைவராக இருந்தவர். செட்டியார் புது வண்டி வாங்கியபோது, ஓடித் தேய்ந்த பழைய அமெரிக்க வண்டியை இவருக்கு விட்டுக்கொடுத்தார். சேவுகன் அதை அன்னவாசலுக்கு ஓட்டிவந்து வாடகைக்கு விட்டார். சித்தன்னவாசலில் சித்திரம் பார்க்க வரும் துரைமார்கள், நார்த்தாமலைத் தேருக்குப் போகும் குடும்பங்கள், பிரசவ வலி கண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்கள், எல்லாரும் அதில் போயிருக்கிறார்கள். வண்டியிலேயே பிறந்த குழந்தை ஒன்றும் ஊரில் உண்டு.

கலியாணமாகி வந்த புதிதில் முத்துமாரி அக்காவுக்கு அந்த வண்டியைப் பார்த்தால் சக்களத்தியைப் பார்ப்பதுபோல இருந்ததாம். சவாரி முடிந்து வந்ததும் சேவுகன் முதலில் வண்டியைத் துடைப்பார், பிறகுதான் சோறு. சக்களத்தியை விரட்ட முடியாவிட்டால் கூடச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான் என்று அவளும் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். வண்டிக்கு அடியில் விளக்குக் காட்டினாள். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். டியூபுக்கு ஒட்டுப் போடும்போது ஒரு முனையை இழுத்துப் பிடித்தாள்.

"ஏ கிளீனரு, அந்தப் பெரிய ஸ்பானரை எடு."

"பெருசு ரெண்டு இருக்கு."

"நம்பரைப் பாத்து எடு. எழுத்துத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியுது. ஸ்பானருக்குத்தான் எழுத்து மறந்து தேஞ்சு போச்சு. சம்பளம் இல்லாத கிளீனரு இம்புட்டுத்தான் பாப்பா."

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கே சிரிப்பு வரும். அவர் சிரிப்பது மட்டும் கொட்டகைக்குள்ளிருந்து தகர டப்பா உருள்வதுபோலக் கேட்கும்.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோல் கூப்பனுக்குள் போய்விட்டது. வாடகைக் காருக்குக் கிடைத்தது நாக்கு நனைக்கக்கூடக் காணாது. சேவுகன் சக்கரங்களைக் கழற்றி வண்டியைக் கல்லின்மேல் உட்கார வைத்தார். பட்டாளத்துக்கு டிரைவர் வேண்டும் என்று ஆள் எடுக்க வந்தபோது பெயர் கொடுத்தார். புறப்பட்ட அன்று எங்கள் வீட்டார் எல்லாரும் வேலியோரம் நின்றோம். மாமியார் காத்தாயி அழுதுகொண்டிருந்தாள். அக்கா அழவில்லை. சேவுகன் கொட்டகைக்குள் போய்ப் பானெட்டின்மேல் கை வைத்து நின்றுவிட்டுத் திரும்பினார்.

"எஞ்சினை உறைய விட்டுறாத. சுவிச்சைப் போடாம, கைப்பிடியை மாட்டி தினம் சுத்தி வையி. பாட்டரிக்கு மழைத்தண்ணி ஊத்து. எப்பவாச்சும் பெட்ரோல் கெடைச்சா ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி விடு."

"சுத்துறேன். நீங்க எப்ப வாரீக?"

"நீ சுத்திக்கிட்டே இரு. நான் வந்துருவேன்."

விளையாட்டாகச் சொன்ன சொல். அவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டாள். மழையானாலும், உடம்பு முடியாவிட்டாலும், காலையில் கைப்பிடியை மாட்டி எஞ்சினைச் சுற்றாமல் அவள் வாயில் தண்ணீர் படாது.

அவரை மலேயாவுக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சர்க்காரிடமிருந்து மட்டும் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான் என்று படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அதில் இருந்த ஒரு சொல்லை நான் 'காணோம்' என்று சொன்னேன்.

"அதைச் சொல்லவா காயிதம்?" என்றாள் அக்கா. "நாங்களுந்தான் காணோம் காணோம்னு இருக்கோம்."

அதற்குப் பிறகு சுற்றும் வேலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கைப்பிடியைச் சுற்றி முடித்து, முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் பாட்டரியைத் திறந்து பார்த்து, முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை விரலால் துடைத்துவிட்டு, நிமிர்ந்ததும் தாலியை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். கிழக்கே பார்த்து நின்று ஒற்றிக்கொள்வாள். மலேயா கிழக்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் கண் சிவந்து நீர் வடியும். வேலியின் இந்தப் பக்கம் நான் தலை குனிந்து நடந்துபோய்விடுவேன்.

அப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

ஆனி மாதக் கடைசி. நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா வீட்டு முற்றத்தில் என் அம்மா பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிர்ந்தபோது அவள் மார்பிலிருந்து ஏதோ நழுவி முறத்தில் விழுந்தது. தாலி.

தாலிக் கயிறு இற்றுப்போனால் எங்கள் பக்கத்தில் யாரும் இற்றது என்று சொல்வதில்லை. 'பெருகிருச்சு' என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பதுபோல. கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் சொல்வாள். போகிறதை வருகிறதாகச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று நான் யோசித்ததுண்டு, கிடைத்ததில்லை.

வாசற்படியில் இருந்த காத்தாயி முறத்தைப் பார்த்தாள்.

"அறுந்துபோச்சு" என்றாள்.

என் அம்மா பதறிப்போனாள். "அக்கா, என்ன வார்த்தை சொல்றீங்க? பெருகிருச்சுன்னு சொல்லுங்க."

"பெருகிருச்சு அயித்தே" என்றாள் முத்துமாரி. கேழ்வரகுக்குள் கையை விட்டுத் தாலியைத் தேடி எடுத்தாள்.

"அறுந்துபோச்சுடி. எம்மவன் போயிட்டான். ரெண்டு வருசமா எல்லாரும் எங்கிட்ட மறைக்கிறீக. கயிறு மறைக்கலை."

அம்மா எங்கள் அடுக்களைக்கு ஓடி ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துவந்தாள். அக்கா புதுக் கயிற்றில் கிழங்கையும் தாலியையும் சேர்த்துக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு முறத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து புடைத்தாள். காத்தாயி மட்டும் அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே தரகன் ராக்கனுக்கு ஆள் போயிற்று. திருச்சிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் கிணற்றில் நீர் இறைக்க எஞ்சின் தேடுகிறார் என்று வெகுநாளாக அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தவன் அவன்.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் காத்தாயி. "அந்தப் பெட்டி எம்மவனைத் தின்னுச்சு. அவன் கட்டுன தாலியையும் தின்னுருச்சு."

"நாளைக்கே வண்டி கொண்டாந்துர்றேன் ஆத்தா."

"நாளான்னைக்கு ஆடி பொறக்குது. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள எங்கிட்டு வண்டி கொண்டாருவ? ஆடியில குடுத்தா குடுத்தவுகளும் வெளங்க மாட்டாக, வாங்குனவுகளும் வெளங்க மாட்டாக. ஆவணியில வா."

மகன் போய்விட்டான் என்று நம்பிய அன்றைக்கும் அவளுக்கு ஆடி ஆடிதான். அதனால் முத்துமாரிக்கு ஒரு மாதம் கிடைத்தது.

மறுநாள் காலையிலும் கொட்டகையில் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. ஆனால் அன்று என்னால் தலை குனிந்து போக முடியவில்லை. வேலிக்கு மேலே கை நீண்டது.

"ஆரோக்கியம், இங்கிட்டு வா. இதைப் பாரு."

இற்றுப்போன பழைய கயிற்றைக் கையில் வைத்திருந்தாள். பிடரிப் பக்கம் மஞ்சளேறிக் கெட்டியாகத்தான் இருந்தது. நான் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. தாலி கோத்திருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் மட்டும் நூல் வெளுத்து, எரிந்த திரிபோல இருந்தது. அவள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"தேயுறதுன்னா பிடரியிலதானே தேயணும்? அங்கதானே உரசும்? இது நான் பிடிக்கிற எடத்துல."

பிறகு புடவையின் இடுப்பு மடிப்பைக் காட்டினாள். கை துடைக்கும் இடம். அங்கே சல்லடைக் கண்கள். கொடியில் தொங்கிய காக்கிச் சட்டையை இழுத்து வந்தாள். அதில் இடுப்பருகே அவளே போட்ட தையல்கள் வரிசையாக இருந்தன.

"பூச்சி அரிச்சிருச்சுன்னு நெனச்சுத் தைச்சுக் குடுத்தேன். அவுகளும் ஒண்ணும் சொல்லலை. பாட்டரியைத் தொட்டா சலவைச் சோடாவுல கை கழுவுவாக. அழுக்குப் போறதுக்குன்னு நெனச்சேன்."

எங்கள் ஊரில் எல்லாரும் அதைப் பாட்டரித் தண்ணி என்றுதான் சொல்வார்கள். திராவகம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மேலே ஊற்றுவது மழைத்தண்ணீர். அதனால் உள்ளே இருப்பதும் தண்ணீர்தான் என்று ஆகிவிட்டது.

அவள் பாட்டரிப் பக்கம் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். மெதுவாக அவை தாலிக்குப் போய், அங்கிருந்து கண்ணுக்குப் போகும் வழியில் நின்றன.

"ஒத்திக்கிறப்போ கண்ணு எரியும்டி. அழுகைதான் எரியுதுன்னு இருந்தேன்."

நான் பழைய கயிற்றை அவள் கையில் திருப்பி வைத்தேன்.

"நானே கும்பிட்டுக் கும்பிட்டு அறுத்திருக்கேன்" என்றாள். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பெருக்கியிருக்கேன்."

மாமியாரிடம் வாயால் சொன்னால் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். சும்மா இருந்த ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து, விளக்குமாற்றுக் குச்சியால் பாட்டரித் தண்ணியில் ஒரு சொட்டுத் தொட்டு அதன் நடுவில் வைத்தாள். காத்தாயி கண்முன்னால் அதை அம்மிக்கல்லில் போட்டு வெயிலில் காயவிட்டாள். அடுத்த நாள், "இழுத்துப் பாருங்க அயித்தே" என்று கொடுத்தாள்.

"நான் தொடலாமாடி அதை? நான் தாலி அறுத்தவ."

"இது தாலி இல்லை. வெறுங்கயிறு. இழுங்க."

காத்தாயி இழுத்தாள். சாம்பலைப் பிய்ப்பதுபோல இரண்டு துண்டாக வந்தது.

"அப்ப தண்ணிதான் தின்னுச்சுங்கிற."

"ஆமா."

"அப்ப எம்மவன் போகலைங்கிறியா?"

"தெரியலை அயித்தே."

"கயிறு அறுந்ததுக்கு அர்த்தம் இல்லைன்னா, கயிறு இருக்கிறதுக்கும் அர்த்தம் இல்லைதானடி?"

இதற்கு என்ன பதில் சொல்வாள் என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முத்துமாரி அம்மிக்கல்லைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அவுக கயிறைப் பத்தி ஒண்ணும் சொல்லிட்டுப் போகலை. வண்டியைச் சுத்தச் சொல்லிட்டுப் போயிருக்காக. வந்தா அதைத்தான் கேப்பாக."

காத்தாயி எழுந்து உள்ளே போனாள். ராக்கனுக்குக் கொடுத்த வார்த்தையைத் அவள் திரும்ப வாங்கவில்லை.

இனிமேல் கொட்டகைக்குள் எப்படிப் போவது என்பதுதான் அக்காவின் கவலையாக இருந்தது. போகாமல் இருக்க முடியாது. போனால் இன்னொரு கயிறும் இற்றுப்போகும். இன்னொரு தடவை 'பெருகிருச்சு' என்று சொல்ல மாமியாரிடம் தெம்பு இல்லை. தன்னிடமும் இல்லை என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யலாம் என்பது யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார் சேவுகன். அதை எடுத்துவந்து, "பாட்டரியைப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்றாள். உள்ளே இருப்பது திராவகம், துணியில் படக்கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, உடம்புக்கு ஒன்று கட்ட வேண்டும் என்று இருந்தது. அந்த ஒன்றுக்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை.

"முன்னால கட்டிக்கிறது அக்கா. ரப்பர்ல. கழுத்துலயிருந்து முட்டி வரைக்கும்."

"முந்தானையா?"

"அது மாதிரிதான். ஆனா தோள்ல போகாது. முன்னாலயே நிக்கும்."

"அப்ப ரப்பர் முந்தானைன்னு சொல்லு. இதுக்கு எதுக்கு இம்புட்டு முழிக்கிற?"

பாட்டரியை 'சார்ஜ்' ஏற்ற அவள் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுக்கோட்டைக்குப் போவாள். அந்தத் தடவை சனிக்கிழமையாகப் பார்த்து நானும் போனேன். கரியில் ஓடும் பஸ். பின்னால் அடுப்பு எரிய, மேட்டில் எல்லாரும் இறங்கி நடந்து, அது இளைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தது. கராஜில் வேலை பார்க்கும் நல்லதம்பி, சேவுகனோடு பழகியவன்.

"கையுறையா? தோல்ல இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போயிருச்சுக்கா."

"ரப்பர்ல?"

"அதைக் கேக்கவே கேக்காதீங்க. ரப்பரெல்லாம் மலேயாவுல மாட்டிக்கிச்சு. சப்பான்காரன் விடணும்."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். அக்கா பாட்டரியை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"ஆமா தம்பி. எல்லாம் அங்கிட்டுத்தான் இருக்கு" என்றாள்.

துணி உறை வேண்டுமானால் இருக்கிறது என்று ஒன்றை எடுத்துக் காட்டினான். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கயித்தைத் தின்ன தண்ணி இதை விட்டுருமா?"

கீழராஜ வீதியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

"யாருக்கும்மா? கண்ணு ஆபரேசன் ஆனவுகளுக்கா?"

"இல்லீங்க. காரு வேலைக்கு."

"காரு வேலை யாரு பாக்குறது?"

"நான்தான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், விளையாட்டா என்று கேட்பதுபோல. நான் ஆமாம் என்று தலையசைத்தேன். பிறகு மோட்டார் சைக்கிள் துரை ஒருவர் விட்டுப்போனவை என்று இரண்டு ஜோடி எடுத்துவைத்தார். ஒன்று கறுப்புக் கண்ணாடி, பார்க்க எடுப்பாக இருந்தது. மற்றது வெள்ளைக் கண்ணாடி. தோல் விளிம்பு கொஞ்சம் கிழிந்திருந்தது. அக்கா கறுப்பைப் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வீதியின் கடைசி வரை பார்த்தாள். கழற்றினாள். வெள்ளையைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"கறுப்புத்தாம்மா வெயிலுக்கு நல்லது. அழகாவும் இருக்கு."

"அதுல தூரத்துல வர்றவுக முகம் தெரியலீங்க" என்றாள். வெள்ளையை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தாள்.

ரப்பர் கிடைக்காது என்று ஆகிவிட்டது. சக்கரங்களில் இருந்தவை போக வீட்டில் இருந்த ரப்பர் இரண்டு டியூபுகள். ஒன்று புதிது, சேவுகன் யுத்தத்துக்கு முன்னால் வாங்கி, பவுடர் தூவி, சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போனது. இன்னொன்று ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட பழையது. என் அம்மா தையல் கத்திரியோடு வந்து, புதியதைக் கட்டினால் மழமழவென்று நன்றாக இருக்கும் என்றாள்.

"அதைத் தொடாதீங்க சின்னம்மா. அவுக வந்தா வண்டிக்கு டியூப் வேணும்ல."

பழையதை எடுத்தாள். கத்திரியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து, வளைந்து நின்ற ரப்பரை அவளும் அம்மாவும் நீளமாகப் பிளந்தார்கள். ஒவ்வொரு ஒட்டாக அவள் விரலால் தடவிக்கொண்டு வந்தாள். "இது குடுமியான்மலை ரோட்டுல லாடம் ஏறினது. இது நார்த்தாமலைத் தேருக்குப் போறப்போ, கருவேல முள்ளு." ஓர் ஒட்டின்மேல் விரல் நின்றது. பசை காயும் முன்பு அழுத்திய கட்டை விரலின் ரேகை அதில் அப்படியே பதிந்திருந்தது. பெரிய விரல். அதன்மேல் தன் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது.

அம்மா கத்திரியை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்துபோனாள்.

அந்த ஒட்டு நெஞ்சுக்கு நேராக வரும்படி அக்கா வெட்டினாள். இரண்டு துண்டைச் சணல் நூலால் சேர்த்துத் தைத்தார்கள். மிச்சத்தில் கட்டை விரல் தனியாகவும் மற்ற விரல்கள் ஒன்றாகவும் நுழையும்படி கைக்கு இரண்டு உறை. வளையல்களை மேலே தள்ளித் துணி சுற்றி, உறையை மாட்டி, கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தபோது, தாலி விழுந்த நாளிலிருந்து சிரிக்காத காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நண்டு மாதிரி இருக்கேடி. எம்மவன் பாத்தா எங்கிட்டுக்கூடி ஓடுவான்?"

எம்மவன் பார்த்தால். அந்தச் சொல்லை எல்லாரும் கேட்டோம்.

முந்தானையின் நாடாவைப் பிடரிக்குப் பின்னால் கட்ட வேண்டியிருந்தது. உறை போட்ட கையால் அவளுக்கு முடியவில்லை. நான் வேலியைச் சுற்றி வருவதற்குள் காத்தாயி எழுந்துபோனாள். மருமகள் கழுத்துக் கயிற்றில் அவள் கை படக்கூடாது. விசேஷம் என்றால் ஒதுங்கியே நிற்பவள். ஆனால் ரப்பருக்கு அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஒரு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்து இன்னொன்று போட்டாள். மூன்றாவதுக்கு நாடாவை எடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டு போதும். மூணு போட வேண்டியவன் போட்டுட்டான்."

அன்றிலிருந்து காலையில் அந்த முடிச்சு காத்தாயியின் வேலை. அக்கா முதலில் வெறுங்கையால் கிழக்கே பார்த்துத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் உறை, கண்ணாடி, முந்தானை. வேலை முடிந்தால் சலவைச் சோடாவில் கை. முன்பு கடைசியில் கும்பிட்டதை இப்போது முதலில் கும்பிட்டாள், அவ்வளவுதான் மாற்றம். கண் எரிச்சல் நின்றுவிட்டது. ஆனாலும் சில நாட்களில் கண்ணாடிக்கு உள்ளே ஈரம் தெரியும். அதைப் பாட்டரித் தண்ணி என்று இனிமேல் சொல்ல வழியில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. எங்கள் ஊர்க் குளத்தில் பெருகுவதற்கு அந்த வருஷம் தண்ணீர் இல்லை. நடுவில் முழங்கால் அளவு நின்றது. அதிலும் பெண்கள் போய்க் குளித்துப் புதுத் தாலிக் கயிறு கட்டிக்கொண்டார்கள். அக்காவும் கட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு ஈரப் புடவையில் வந்தாள். காத்தாயி வாசலை விட்டு ஒதுங்கிக் கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கையில் ரப்பர் முந்தானை தயாராக இருந்தது.

ஆவணி பிறந்ததும் ராக்கன் வந்தான். இரட்டை மாட்டு வண்டியும் கயிறும் ஆட்களுமாக.

"நல்ல நாள் பாத்து வந்திருக்கேன் ஆத்தா. எஞ்சினு எறங்குமா, மொத்தமாத் தூக்கணுமா?"

அக்கா கொட்டகைக்குள் இருந்தாள். உறையைக் கழற்றவில்லை, வெளியே வரவும் இல்லை. வார்த்தை கொடுத்தவள் மாமியார். திருப்பி வாங்க வேண்டியதும் அவள்தான். வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

காத்தாயி கொட்டகை வாசலுக்கு வந்தாள். "மாரி, பெட்ரோல் இருக்கா?"

"ஒரு வாய் இருக்கு அயித்தே."

"ஒருவாட்டி போடு. எனக்குக் கேக்கணும்."

அக்கா சுவிச்சைப் போட்டாள். கைப்பிடியை மாட்டி இழுத்தாள். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தாள். மூலையில் அடைந்திருந்த கோழிகள் பறந்து ஓட, கொட்டகைக் கூரையிலிருந்து தூசி கொட்ட, வண்டி ஓட ஆரம்பித்தது. கல்லின்மேல் உட்கார்ந்தபடியே குலுங்கியது. காத்தாயி பானெட்டின்மேல், மகன் போகும்போது கை வைத்த அதே இடத்தில், கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய்ப் பெட்ரோல் தீர்ந்து, அது தானாக நிற்கும் வரை கையை எடுக்கவில்லை.

ராக்கனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்தா! இது இரும்புன்னுல்ல நெனச்சு வந்தேன்? உசுரோட இருக்கே! மிராசுதாருகிட்டச் சொல்லி வெலையை ஏத்திப் பேசுறேன்."

"விக்கிறதுக்கு இல்லை" என்றாள் காத்தாயி.

"என்ன ஆத்தா இது, ஆனியில நீங்கதானே தாலி அறு..." சொல்லில் பாதியை அவன் விழுங்கினான்.

"யாரு சொன்னா? எம் மருமகளுக்குத் தாலி பெருகியிருக்கு. வண்டிக்காரன் வரட்டும். வந்தா அவங்கிட்டக் கேட்டுக்க."

ராக்கன் மாட்டு வண்டியைத் திருப்ப வெகுநேரம் ஆயிற்று. முற்றம் குறுகல்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். நார்த்தாமலைக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தபோது அக்காவும் காத்தாயியும் நடந்தே போய்ப் பார்த்தார்கள். அவருக்குச் சேவுகனைத் தெரியவில்லை. கைதி முகாம்கள் நிறைய, ஒன்றில் இருந்தவருக்கு மற்றதில் இருந்தவரைத் தெரியாது என்றார். திரும்பி வந்ததும் அக்கா செய்த முதல் காரியம், வண்டிக்குச் சக்கரங்களை மாட்டியது. புது டியூபைச் சாக்கிலிருந்து எடுத்து, பவுடரைத் தட்டி, அவளே ஏற்றினாள். வண்டி கல்லிலிருந்து இறங்கித் தரையில் நிற்கிறது.

காலையில் அவள் கைப்பிடியைச் சுற்றும் நேரமும் புதுக்கோட்டையிலிருந்து முதல் பஸ் வரும் நேரமும் ஒன்றுதான். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் கைப்பிடி நிற்கும். முடிச்சுப் போட்ட காத்தாயியும் அவள் பின்னாலேயே தட்டிக் கதவருகில் வந்து நிற்பாள். அக்கா கண்ணாடியைக் கழற்றாமலே சாலையைப் பார்ப்பாள். அதில் தூரத்தில் வருகிற முகம் நன்றாகத் தெரியும். இறங்கியவர்கள் எல்லாரும் அவரவர் வழியில் போன பிறகு, உறை போட்ட கையால் நெஞ்சில் ரேகை பதிந்த அந்த ஒட்டை ஒருதரம் அழுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுற்றுவாள்.